இடுப்பில் தொங்கிய காற்று

அமலோற்பவம் முதலில் தன் வயதைத்தான் சந்தேகப்பட்டாள். நாற்பத்தாறு மீட்டர் ஆழத்தில், என்றோ மூழ்கிப்போன ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில், அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு மாடி ஏறியவளுக்கு வாங்குகிற மாதிரி வாங்கியது. ஆனால் பத்து நிமிடமாக அவள் எங்கும் ஏறவில்லை. மாணவர்கள் இருவரும் துருப்பிடித்த இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்க, அவள் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதந்துகொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதாகிறது, காலையில் இரண்டு இட்லி கூடிப்போயிற்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தன. இட்லிக்கு அந்தச் சக்தி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தூத்துக்குடியில் பதினாறு வருடமாக ரீப்ரீதர் முக்குளிப்புச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

ரீப்ரீதர் என்பது கஞ்சத்தனமான ஒரு கருவி. நாம் விடுகிற மூச்சைக் குமிழியாக வெளியே போக விடாது. முதுகில் இருக்கும் சுண்ணாம்புக் குடுவை வழியாக அதைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், குறைந்த ஆக்சிஜனைக் கருவி சேர்த்துக்கொள்ளும், அதே காற்று மறுபடி நம்மிடம் வரும். சத்தமில்லாமல் மணிக்கணக்கில் கடலுக்கு அடியில் இருக்கலாம். ஒரே ஒரு தொல்லை, சுண்ணாம்பு தீர்ந்துபோனால் நாம் விட்ட நஞ்சையே நாம் திரும்பக் குடிக்க வேண்டியதுதான்.

கண்ணாடி ஓரத்து விளக்கைப் பார்த்தாள். பச்சை. ஆக்சிஜன் சரி, சுண்ணாம்பு சரி, இன்னும் நூற்று முப்பது நிமிடம் தாங்கும் என்றது.

"டாக்டர், செ‌ன்னியப்பன் அண்ணாச்சி, ரெண்டு பேரும் இங்க வாங்க," என்றாள். முழுமுகக் கவசத்துக்குள் பேசுவதற்கு ஒலிவாங்கி உண்டு. "எனக்கு மூச்சு சரியில்ல. நான் சிலிண்டருக்கு மாறணும். ஒப்புதல் குடுங்க."

மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். மற்ற இருவரின் மணிக்கட்டிலும் விளக்கு மின்னியது.

சிலிண்டர் அவள் இடுப்பிலேயே தொங்கியது. நல்ல, புதிய, சுத்தமான காற்று. மூன்று பேருக்கும் பொதுவான மீட்புச் சிலிண்டர் அது ஒன்றுதான். ஒருவர் தாராளமாக மேலே போய்ச் சேர அதிலிருந்தது போதும், இருவருக்குப் பற்றாது. அதனால் அதைத் திறக்கிற உரிமை அதைச் சுமக்கிறவருக்குக் கிடையாது. கூட வந்த இருவரும் ஒப்பினால்தான் வால்வு திறக்கும், ஒப்பினால் சுமக்கிறவர் கேட்காவிட்டாலும் திறக்கும். முகக்கவசமும் அப்படித்தான். தண்ணீருக்குள் அதன் பூட்டு விடாது, மேலே காற்றுப் பட்டால்தான் விடும். பயத்தில் கவசத்தைப் பிய்த்து எறிந்து செத்தவர்கள் கணக்கு அதிகமாகப் போனபிறகு வந்த சட்டம்.

சென்னியப்பன்தான் முதலில் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர், ஐம்பத்தொரு வயது, எதைக் கற்றாலும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கற்கிறவர். அவர் அவளுடைய கண்ணாடிக்கு நேரே தன் கண்ணாடியைக் கொண்டுவந்து விளக்கைப் பார்த்தார்.

"பச்சையாத்தானுங்க இருக்குது அம்மிணி."

"பச்சைதான். ஆனா மூச்சு வாங்குது."

"நூறிலிருந்து ஏழேழாக் கொறச்சுச் சொல்லுங்க பார்க்கலாம்."

அவள் கற்றுக்கொடுத்த சோதனை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தொண்ணூத்திமூணு. எண்பத்தாறு. எண்பத்து..." நின்றுவிட்டது. அடுத்த எண் நாக்கு நுனியில் இருந்தது, வரவில்லை. "எழுபத்தேழு," என்றாள்.

"எழுபத்தொம்பதுங்க," என்றார் அவர், வருத்தமாக. "புத்தி தடுமாறுது, விளக்கு பச்சை. அப்படீன்னா அது பதட்டம். கம்பியப் புடிச்சுட்டு அசையாம இருக்கச் சொல்லி, மூணு நிமிசம் கழிச்சு மறுக்காப் பார்க்கோணும். நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க."

அவர் மணிக்கட்டில் சிவப்பை அழுத்தினார். ஒருவர் மறுத்தாலே போதும். அவள் கண்ணாடியில் ஒரு வரி வந்தது: கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அவர் மேல் கோபப்பட அவளுக்கு வழியில்லை. அவர் ஒப்பித்தது அவளுடைய வாக்கியத்தை. எட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் ரெமிஜியுஸும் சேர்ந்து இந்தப் பள்ளியை நடத்தினார்கள். ரெமிஜியுஸின் சுண்ணாம்பு ஒரு நாள் ஆழத்தில் தீர்ந்துபோனது. அவள் சிலிண்டர் வாய்க்குழாயை நீட்டிக்கொண்டே இருந்தாள், அவன் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். கரியமில வாயு தலைக்கேறியவன் அப்படித்தான், போதையில் இருக்கிறவன் மாதிரி தான் தெளிவாக இருப்பதாகச் சாதிப்பான். அவனை உடலாகத்தான் மேலே கொண்டுவந்தாள். விசாரணைக் குழு முன்னால் அழுதுகொண்டே சொன்னாள், மூச்சு கெட்டவனுக்குத் தன் மூச்சைப் பற்றி முடிவெடுக்கிற தகுதி கிடையாது, கூட இருக்கிறவர்களிடம் அதைக் கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள். சட்டமாயிற்று, கருவியாயிற்று. பயிற்சிப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எழுதியதும் அவள்தான்.

அது இரண்டு பக்கமும் வெட்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தகுதியில்லாதவன் வேண்டாம் என்பான் என்றுதான் நினைத்தாள், வேண்டும் என்று கெஞ்சுவான் என்று நினைக்கவில்லை.

மூன்று நிமிடம் போனது. மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியது. அவள் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டுப் பயந்தாள். எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. நேராக மேலே போகலாம் என்றால் அதுவும் முடியாது, ரத்தத்தில் ஊறிய வாயு வெளியேற வழியில் நாற்பது நிமிடம் அங்கங்கே நின்று நின்றுதான் போக வேண்டும். அந்த நாற்பது நிமிடமும் இதே காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

இரண்டாவது முறை பொத்தானை அழுத்தினாள்.

இந்த முறை மைதிலி பக்கத்தில் வந்தாள். திருச்சியில் மயக்க மருந்து டாக்டர். மயக்க மருந்து இயந்திரத்திலும் இதே சுண்ணாம்புதான். வகுப்பின் முதல் நாளே, "இதோடதான்க்கா நான் குடித்தனம் நடத்துறேன்," என்று சிரித்தவள். அவள் விளக்கைப் பார்க்கவில்லை, அமலோற்பவத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினாள்.

"அமலிக்கா, உங்க குடுவையில சுண்ணாம்பு எப்ப மாத்தினீங்க?"



உண்மை இதுதான். வரவேண்டிய சுண்ணாம்பு டப்பாக்கள் வரவில்லை. பருவக்காற்று மாறப் போகிறது, இந்தச் சனிக்கிழமை விட்டால் கடல் இனி இரண்டு மாதம் கலங்கிக் கிடக்கும். கடையில் இருந்த புதிய சுண்ணாம்பு இரண்டு குடுவைக்குத்தான் வந்தது. இரண்டையும் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தன்னுடையதில் நீச்சல்குளத்து வகுப்பில் பயன்படுத்திய சுண்ணாம்பே இருந்தது. குளத்தில் ஒரு மணி நேரம்தானே ஓடியிருக்கும், காலையில் மூடியைத் திறந்து பார்த்தபோது பால் மாதிரி வெள்ளையாகத்தானே இருந்தது, இன்னும் இரண்டு மணி நேரம் தாராளமாக வரும் என்று திரும்ப மூடினாள். மூடியைத் திறந்து மூடினால் புதுச் சுண்ணாம்பு போட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும், பூஜ்யத்திலிருந்து எண்ணும். சுண்ணாம்பை மாற்றாமல் மூடியை யார் திறப்பார்கள் என்பது அதைச் செய்தவனின் எண்ணம்.

இதைச் சொன்னால் பயிற்றுநர் உரிமம் போய்விடும். அதைவிட, இந்த இருவரின் முகத்தில் எப்படி முழிப்பது? ஒரு வாரமாக அவர்களிடம், சுண்ணாம்பு விஷயத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சம் பிடிக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தியவள் அவள்.

"இன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன்," என்றாள்.

"புதுசா?"

"புதுசு."

மைதிலி யோசித்தாள். அவள் நேர்மையாக யோசிப்பதைக் கண்ணாடிக்குள் பார்க்க முடிந்தது. "அப்ப சுண்ணாம்புல கோளாறு இருக்க வழியில்ல. விளக்கும் பச்சை. அக்கா, பயத்துலயும் மூச்சு இப்படித்தான் ஓடும். நான் தினமும் ஆபரேஷன் டேபிள்ல பாக்குறேன். மெதுவா விடுங்க. நான் கூட எண்றேன்."

அவளும் சிவப்பை அழுத்தினாள். மிகவும் மென்மையாக அழுத்தினாள்.

அமலி தன் பொய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இடுப்பில் சிலிண்டர் தொடையைத் தட்டியது. கையை வைத்தால் வால்வு கைக்கு எட்டியது. திருகினாள், அசையவில்லை, அசையாது என்றும் தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் திருகினாள். அதைப் பார்த்த சென்னியப்பன் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு, "வேண்டாமுங்க அம்மிணி," என்றார். சொந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

தலை பிளந்தது. கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. மானம் மரியாதை எல்லாம் அந்த இருட்டில் தூரப் போய்விட்டன.

"டாக்டர், பொய் சொல்லிட்டேன்," என்று மூன்றாவது முறை பொத்தானை அழுத்தினாள். "புதுசில்ல. குளத்துல ஓடின சுண்ணாம்பு. ஒரு மணி நேரந்தான் ஓடிச்சுன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா... வியாழன், வெள்ளி, ரெண்டு நாளும் அதேதான் போட்டிருக்கேன். ஆனா காலையில வெள்ளையாத்தான் இருந்துச்சு. பழசுன்னா ஊதா ஆகியிருக்கணும்லா?"

மைதிலியின் குரல் மாறியது. "ராத்திரி ஓய்வுல விட்டா ஊதா திரும்ப வெள்ளையாயிரும்க்கா. சக்தி திரும்பாது, நிறம் மட்டும் திரும்பும். எங்க தியேட்டர்ல புதுசா வர்ற ஆளுங்க ஏமாறுறதே அதுலதான். நாங்க நிறத்தை நம்பவே மாட்டோம்." உடனே பச்சையை அழுத்தினாள். "சார், நீங்களும் அழுத்துங்க. இது பதட்டம் இல்ல."

சென்னியப்பன் அழுத்தவில்லை.

"எனக்கு எதைப் போட்டீங்க அம்மிணி?" என்றார்.

"உங்களுக்குப் புதுசு. ரெண்டு பேருக்கும் புதுசு. சத்தியமா."

"அரை நிமிசம் முன்னாடி உங்களுதும் புதுசுன்னுதானுங்க சொன்னீங்க." அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. "என் குடுவையும் நீங்கதான அடைச்சீங்க. கைல ஒட்டுதுன்னு நான்தான் உங்ககிட்டத் தள்ளிவிட்டேன். டாக்டர் அவங்களுத அவங்களே அடைச்சாங்க. எனக்கும் இப்ப மூச்சு வாங்கற மாதிரித்தானுங்க இருக்குது."

"அது பயம் சார்," என்றாள் மைதிலி.

"அவங்களுக்கும் பயம்னுதானுங்க ஒரு நிமிசம் முன்னாடி சொன்னீங்க."

அவர் போடுகிற கணக்கு அமலிக்குப் புரிந்தது. இருப்பது ஒரு சிலிண்டர். அமலி எடுத்துக்கொண்டு, நடுவழியில் தன்னுடைய சுண்ணாம்பும் கைவிட்டால்? வீட்டில் ஒரு மனைவியும் ஒரு மகளும் இருக்கிற மனிதர். அவர் சிவப்பை அழுத்தியதை அமலி பார்த்தாள். மூன்றாவது முறையாக அதே வரி வந்தது. அவரிடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் பயங்கரமாக இருந்தது.

மைதிலி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சார், என்னைப் பாருங்க. உங்க மூச்சு நிமிஷத்துக்குப் பதினெட்டு. அவங்களுது நாப்பது. சிலிண்டர் நமக்கு வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம்." அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கை மட்டும் பச்சைப் பக்கம் போகவில்லை.

அமலி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அந்தக் குரல்கள் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிட்டன. தலைவலி விட்டுப்போயிற்று. இயந்திர அறை அழகாக இருந்தது. ஒரு குழாயின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பூத்திருந்தது, இதை இத்தனை வருடமாக நாம் பார்க்கவே இல்லையே என்று நினைத்தாள். எதற்காக இவர்கள் இரண்டு பேரும் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

"விடுங்க டாக்டர்," என்றாள். "எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. சிலிண்டர் வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் இங்கன உக்காந்துட்டு வாரேன், நீங்க முன்னால போங்க."

மஞ்சள் பொத்தானை நீளமாக அழுத்தி, மறுப்போடு நின்ற கோரிக்கையைத் தானே ரத்துசெய்தாள்.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சென்னியப்பன் அவள் முகத்துக்கு நேரே வந்து பார்த்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது, பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிற பையன் மாதிரி. பிறகு மணிக்கட்டைத் தூக்கி, அவள் கேட்காத ஒப்புதலைப் பச்சையில் அழுத்தினார். மைதிலியும் அதே கணத்தில் அழுத்தினாள். வால்வு திறந்தது. காற்று கவசத்துக்குள் சில்லென்று பாய்ந்தபோது, அமலி அதை வேண்டாம் என்று கையால் தடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தம் நிறுத்தமாக மேலே வந்தார்கள். சென்னியப்பனின் சுண்ணாம்பு கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. படகில் ஏறியதும் மைதிலி அமலிக்கு ஆக்சிஜன் வைத்து, ஒரு மணி நேரம் படுக்கவைத்தாள். தெளிந்து உட்கார்ந்தபோது அமலி அழுதாள், உயிர் திரும்பியதற்காகக் கொஞ்சம், வெட்கத்தில் நிறைய.

"எப்படி அண்ணாச்சி அழுத்தினீங்க?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் ஃபிளாஸ்க் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். "உங்க பொஸ்தகம் நாப்பத்தோராம் பக்கமுங்க. கேட்டவர் தானாகக் கேட்பதை நிறுத்தினால் உடனே திறக்கவும். நல்லவேளை நீங்க நிறுத்துனீங்க. கேட்டுட்டே இருந்திருந்தா நான் குடுத்திருக்கமாட்டனுங்க." அவர் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மீட்புச் சிலிண்டர் திறந்தால் கரை சேருமுன் அறிக்கை போயாக வேண்டும். கருவிகள் மூன்றும் தம்மிடம் இருந்ததைப் படகிலிருந்த கணினிப் பலகைக்கு அனுப்பிவிட்டன: பதினோரு நிமிடம், மூன்று கோரிக்கை, மூன்று மறுப்பு, ஒரு ரத்து, ஒரு திறப்பு, விளக்கு முழுக்கப் பச்சை. பொத்தான்கள் பதிவாகும், பேச்சு பதிவாகாது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. காரணம்: கருவிக் கோளாறா, பதற்றமா, பராமரிப்புத் தவறா?

அமலி மூன்றாவதைத் தொட்டாள். பலகை ஏற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். அங்கே இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள்.

"மேடம், மூச்சுப் பிரச்சினை வந்தவங்க தன்னப் பத்திச் சொல்றது எழுபத்திரண்டு மணி நேரத்துக்குச் செல்லாது. கூட வந்த ரெண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லணும். ஒத்துப்போகலன்னா கருவி சொல்றதுதான் நிக்கும். இந்த விதி உங்களுக்குத் தெரியாததா மேடம்."

"நான் தப்பு செஞ்சேன்னு நானே சொல்லுதேன். அதைக்கூடவா கேக்கமாட்டீங்க?"

"எழுபத்திரண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்லுங்க மேடம். தனிமனுவாப் போடலாம். ஆனா அறிக்கை இன்னைக்கே முடிஞ்சிரும். விதி சரியா வேலை செஞ்ச கேஸ் மாதிரித் தெரியுது, பாடத்துல சேர்க்கச் சொல்லுவாங்க. எல்லாப் பள்ளிக்கும் திங்கக்கிழமை போயிரும்."

மைதிலி பலகையை வாங்கி, பராமரிப்புத் தவறு என்று போட்டாள். சென்னியப்பனிடம் நீட்டினாள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தார். பிறகு பதற்றம் என்பதைத் தொட்டார். பலகை ஒரு முறை கிறுகிறுவென்று சுற்றியது. இருவரும் ஒத்துப்போகவில்லை, கருவியின் கூற்று ஏற்கப்பட்டது, குறை ஏதுமில்லை, கோரிக்கைகள் முறைப்படி மறுக்கப்பட்டன, நன்றி.

"சார்," என்றாள் மைதிலி. "என்ன செஞ்சீங்க?"

"அம்மிணி உரிமம் போயிருமுங்க டாக்டர்."

"போகட்டும் அண்ணாச்சி," என்றாள் அமலி. "அந்தப் பதினோரு நிமிஷம் தப்பு. நான் எழுதினது தப்பு. கெஞ்சுறவளக் காக்க வைக்கச் சொல்லி எழுதியிருக்கேன். இப்ப அதுதான் சரின்னு எல்லாரும் படிக்கப் போறாங்க. அடுத்த தடவ எவளோ ஒருத்தி கேட்டுக்கிட்டே செத்துருவா. வேற எப்படிச் சொல்ல, சொல்லுங்க?"

அவள் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சென்னியப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். கடலுக்கு அடியில் பார்த்த அதே பார்வை. அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்து, டீ டம்ளரைக் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் அமைதியா இருங்க அம்மிணி. இருந்த ரெண்டு நல்லதையும் எங்களுக்குக் குடுத்துட்டு, கெட்டத உங்க முதுகுல கட்டிக்கிட்டீங்க. அந்த மனசுக்கு நான் இதக்கூடச் செய்யலீன்னா மனுசனாங்க? அடுத்த சீசனுக்கு என் மகளக் கூட்டியாறேன். வேற எங்கயும் உடமாட்டேன், உங்ககிட்டத்தான் கத்துக்கோணும்."

அவர் முழு மனதோடு சொன்னார். அமலி டீயைக் குடித்தாள். கரை வருகிறவரைக்கும் மைதிலி பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள், நாடி பார்க்கிறாளா ஆறுதல் சொல்கிறாளா என்று அமலிக்குத் தெரியவில்லை.